விக்டோரியா ஏரிக்கு என்ன ஆயிற்று?

ஒரு ஏரி அழிந்துவருகிறது என்று கேட்டதும் வெடித்துக் கிடக்கும் வண்டல், கரையில் சாய்ந்த படகு என்றுதான் மனசுக்குள் படம் ஓடும். கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் அப்படி எதையும் பார்க்க முடியாது. அங்கே தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. 2020 மே மாதத்தில் நீர்மட்டம், அளந்து எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து இல்லாத உயரத்துக்கு ஏறி, கென்யாவிலும் உகாண்டாவிலும் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. ஆனாலும் கடந்த நூறாண்டில் மிக மோசமாகக் கெட்டுப்போன பெரிய ஏரிகள் எவை என்று எந்த ஏரி ஆய்வாளரைக் கேட்டாலும், முதலில் சொல்லும் சில பெயர்களில் விக்டோரியா வந்துவிடும்.

நிறைந்து கிடக்கும் ஏரி எப்படிக் கெடும்? அதற்கு முதலில் அந்த ஏரி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். பிறகு நடந்த பலவற்றுக்கும் காரணம் அங்கேயே இருக்கிறது.

அகலம் அதிகம், ஆழம் குறைவு

ஏரியின் பரப்பு ஏறக்குறைய 68,800 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவைவிடச் சற்றே பெரிது. நன்னீர் ஏரிகளைப் பரப்பளவுப்படி வரிசையிட்டால் வட அமெரிக்காவின் சுப்பீரியருக்கு அடுத்து இதுதான். நிலநடுக்கோடு அதன் வடபகுதியை வெட்டிக்கொண்டு போகிறது. தான்சானியாவும் உகாண்டாவும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி வைத்திருக்கின்றன. வடகிழக்கு மூலையில் ஒரு துண்டு, சுமார் 6 சதவீதம், கென்யாவுக்கு. ருவாண்டாவுக்கும் புருண்டிக்கும் ஏரியில் கரையே கிடையாது. ஆனால் அந்த நாடுகளின் மலைச்சரிவில் பெய்யும் மழை ககேரா ஆறாகத் திரண்டு மேற்குக் கரையில் வந்து விழுகிறது. அதனால் அங்கே ஒரு விவசாயி சரிவில் உழுதால் அந்த மண்ணும் இங்கேதான் வந்து சேரும்.

கரையில் வாழும் லுவோ மக்கள் இதை 'நாம் லோல்வே' என்பார்கள். பகாண்டா மக்களுக்கு நாலுபாலே. 1858-ல் தென்கரைக்கு வந்து சேர்ந்த ஆங்கிலேயப் பயணி ஜான் ஹானிங் ஸ்பீக், நைல் பிறக்கும் இடம் இதுதான் என்று அறிவித்து, தன் நாட்டு அரசியின் பெயரைச் சூட்டிவிட்டுப் போனார்.

இனி ஆழம். கிழக்கு ஆப்பிரிக்காவின் நிலம் இரண்டு கோடுகளில் மெல்லப் பிளந்துகொண்டிருக்கிறது. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. மேற்குப் பிளவுக்குள் கிடப்பது டங்கனிக்கா ஏரி. அதன் ஆழம் 1,400 மீட்டருக்கு மேல். விக்டோரியா இந்தப் பிளவு எதற்குள்ளும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், கடல்மட்டத்துக்கு 1,134 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலத்தின் லேசான பள்ளத்தில் தேங்கியிருக்கிறது. சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மேற்குப் பக்கத்து நிலம் உயர்ந்தபோது, அதுவரை மேற்கே ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வழியடைபட்டு இங்கே தேங்கின என்பது நிலவியலாளர்களின் கணிப்பு. எனவே பரப்புக்கு ஏற்ற ஆழம் வாய்க்கவில்லை. வடக்கு தெற்காக 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஏரியில் மிக ஆழமான இடமே 80 மீட்டர் அளவுதான். சராசரி ஆழம் 40. பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தது போல. பரப்பில் இதில் பாதிகூட இல்லாத டங்கனிக்கா, இதைப் போல ஏறக்குறைய 7 மடங்கு தண்ணீரை வைத்திருக்கிறது.

ஆழமில்லாத ஏரி சீக்கிரம் மாறும், சீக்கிரம் காயவும் செய்யும். சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் கடும் வறட்சியில் விக்டோரியா முற்றாகவோ, கிட்டத்தட்ட முற்றாகவோ வறண்டு கிடந்தது என்று அடிவண்டலைத் துளைத்தெடுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இப்போது நாம் பார்ப்பது அதற்குப் பிறகு நிரம்பிய ஏரி.

வரவும் செலவும்

இவ்வளவு பெரிய ஏரிக்குப் பெரிய பெரிய ஆறுகள் வந்து தண்ணீர் கொட்டும் என்று தோன்றும். அப்படி இல்லை. ஏரிக்கு வரும் தண்ணீரில் ஏறக்குறைய 80 சதவீதம் ஏரியின் மேலேயே நேராகப் பெய்யும் மழை. ககேரா, நசோயா, மாரா என்று எல்லா ஆறுகளையும் சேர்த்தாலும் மீதி 20 சதவீதம்தான். வந்ததில் பெரும்பங்கு அப்படியே ஆவியாகி மேலே போய்விடும். இவ்வளவு பரந்த நீர்ப்பரப்பு தன் வானிலையைத் தானே தயாரித்துக்கொள்கிறது. பகலில் காற்று ஏரியிலிருந்து கரைக்கு வீசும். இரவில் திசை மாறி, நாலாப்பக்கத்துக் கரைகளிலிருந்தும் வரும் காற்று ஏரியின் மேல் மோதி மேலெழும்பி இடிமழையாகக் கொட்டும். மீன்பிடிப்பில் பெரும்பகுதி இரவில்தான் நடக்கிறது. சிறு மரப்படகில் போகிறவர்கள் இந்த இரவு இடிமழையில் சிக்கிச் சாவது அங்கே வழக்கமான செய்தி.

மேலே போகாத தண்ணீருக்கு வெளியேற ஒரே ஒரு வாசல், உகாண்டாவின் ஜிஞ்சா நகரம். அங்கேதான் வெள்ளை நைல் புறப்படுகிறது. 1954-ல் கொஞ்சம் கீழே ஓவன் அருவியில் அணை கட்டியதும், ஸ்பீக் பார்த்த ரிப்பன் அருவி நீருக்குள் போய்விட்டது. இப்போது ஏரியின் வாசலுக்குக் கதவு போட்டாயிற்று. எவ்வளவு திறப்பது என்பதற்கு ஒரு ஒப்பந்தமும் உண்டு: அணை இல்லாதிருந்தால் அந்த நீர்மட்டத்துக்கு எவ்வளவு வழிந்திருக்குமோ அவ்வளவே விட வேண்டும். 2004 முதல் 2006 வரை, ஒரு பக்கம் வறட்சி இருக்க, மின்சாரத்துக்காக ஒப்பந்த அளவை மீறி நீர் விடப்பட்டதும் சேர்ந்துகொள்ள, ஏரி ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. அதன் பிறகு மழை பெய்தது, ஏறிவிட்டது. நீர்மட்டக் கதை இவ்வளவுதான். ஏரியைக் கெடுத்தது அது அல்ல.

முக்கியமான விஷயம் வேறு. ஆவியாகும் தண்ணீர் தன்னோடு எதையும் எடுத்துப் போகாது. உப்போ உரமோ சாக்கடையின் மிச்சமோ, எல்லாவற்றையும் கீழே விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும்தான் போகும். வெளியே கொண்டுபோக இருப்பது நைல் ஒன்றுதான். ஏரியின் மொத்த நீரும் அந்த வழியாக மாறி முடிக்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகும். ஆக, விக்டோரியாவில் ஒன்றைப் போட்டால் அது அங்கேயே இருந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஏரியைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் மனதில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

தண்ணீருக்குச் சோறு அதிகமானால்

பாசிக்கும் பயிருக்கும் வேண்டியவை ஒரே மாதிரிதான்: வெயில், நைட்ரஜன், பாஸ்பரஸ். நிலநடுக்கோட்டில் வெயிலுக்குக் குறைவில்லை. தெளிந்த ஏரிகளில் பாசி அளவோடு இருப்பதற்குக் காரணம் பாஸ்பரஸ் கொஞ்சமாக இருப்பதுதான். அது கூடக் கூடப் பாசியும் கூடும். ஏரிக்கு ஊட்டம் அளவுமீறிப் போய் இப்படிப் பாசி பெருகுவதைத் தமிழில் மிகையூட்டம் என்பார்கள். ஊட்டம் என்பது நல்ல வார்த்தையாயிற்றே என்று தோன்றும். ஒரு வகையில் நல்லதுதான். பாசி கூடினால் மீனுக்கு இரையும் கூடும். சிக்கல் பாசி செத்த பிறகு வருகிறது.

செத்த பாசி கீழே இறங்கும். அதைத் தின்று மக்கவைக்கும் பாக்டீரியாக்கள் மூச்சுவிட ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மேல்தண்ணீரில் காற்றிலிருந்தும் பாசியிலிருந்தும் ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும். அடித்தண்ணீருக்கு அந்த வசதி இல்லை. மேலிருந்து கலந்து வந்தால்தான் உண்டு. வெப்பநாட்டு ஏரியில் அந்தக் கலப்பும் சுலபமாக நடக்காது. வெயிலில் சூடான மேல்தண்ணீர் எடை குறைந்து மிதக்கும், குளிர்ந்தது கீழே தங்கும். ஒரு டிகிரி, இரண்டு டிகிரி வித்தியாசமே இரண்டையும் பிரித்து வைக்கப் போதும். விக்டோரியாவில் செப்டம்பர் தொடங்கி அடுத்த ஆண்டின் முதல் சில மாதங்கள் வரை இந்த அடுக்கு நிற்கும். ஜூன், ஜூலையில் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும்போதுதான் ஏரி அடிவரை புரண்டு கலக்கும். அதற்குள் கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும். 1960-களிலிருந்து ஆழ்பகுதியில் ஆக்சிஜனற்ற காலமும் இடமும் விரிந்துகொண்டே வந்தன. அந்தத் தண்ணீருக்குள் மீன் போக முடியாது.

சில சமயம் காற்றின் திசை மாறி அந்தக் கெட்ட நீர் விரிகுடாக்களுக்குள் மேலே ஏறி வந்துவிடும். அப்போது மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கும். 2020 இறுதியிலும் 2021 தொடக்கத்திலும் உகாண்டா, கென்யா கரைகளில் பெரிய பெரிய மீன்கள் அப்படி ஒதுங்கின. ஊரில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று முதலில் பேச்சு வரும். பெரும்பாலும் அது மூச்சுத்திணறல்தான்.

இன்னொரு வேண்டாத சுழற்சியும் உண்டு. அடியில் ஆக்சிஜன் இருக்கும்வரை பாஸ்பரஸில் கொஞ்சம் சேற்றோடு ஒட்டிக் கிடக்கும். ஆக்சிஜன் போனதும் சேறு அதை விட்டுவிடும். அது மறுபடி தண்ணீரில் கலந்து புதுப் பாசிக்கு இரையாகும். அதாவது ஏரி ஒரு கட்டத்துக்குப் பிறகு தனக்குத் தானே உரம் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறது.

ஏரி எவ்வளவு கலங்கிற்று என்று அளக்க ஒரு பழைய கருவி இருக்கிறது, இன்றுவரை அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சாப்பாட்டுத் தட்டளவுக்கு ஒரு வட்டத் தகடு, அதில் கறுப்பும் வெள்ளையுமாகக் கால்வட்டங்கள், நடுவில் ஒரு கயிறு. செக்கி தகடு என்று பெயர். படகின் நிழல் பக்கம் நின்று மெல்ல இறக்க வேண்டும். தகடு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் கணக்கு. 1920-களின் இறுதியில் நடு ஏரியில் அது 7 மீட்டர் வரைக்கும் தெரிந்தது. 1990-களில் பல இடங்களில் அதில் மூன்றில் ஒரு பங்கு ஆழம்கூடத் தெரியவில்லை. கரையோர விரிகுடாக்களில் இன்னும் மோசம். பச்சைச் சாயம் கரைத்தது போன்ற நீலப்பச்சைப் பாசிக்குள் தகடு இறங்கிய மாத்திரத்தில் மறைந்துவிடும். இந்தப் பாசியில் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். அதையேதான் கரையோரக் கிராமங்கள் குடத்தில் மொள்கின்றன.

இவ்வளவு பாஸ்பரஸ் எங்கிருந்து வந்தது?

1901-ல் மொம்பாசாவிலிருந்து போட்ட இருப்புப்பாதை, ஏரிக்கரையில் இன்றைய கிசுமு நகரத்தை எட்டியது. அதற்குப் பிறகு மலைச்சரிவுகளில் காடு வெட்டித் தேயிலையும் காப்பியும் பருத்தியும் கரும்பும் வந்தன, மக்கள்தொகையும் ஏறிற்று. இன்று ஏரியின் வடிநிலத்தில் 4 கோடிக்கும் அதிகமானவர்கள் வாழ்கிறார்கள். வேர் பிடித்து நிறுத்தாத மண்ணை மழை அடித்துக்கொண்டு போகும். மண்ணோடு பாஸ்பரஸும் போகும். அடிவண்டலைத் துளைத்துப் பார்த்ததில் பாசி கூடத் தொடங்கிய காலம் 1930-கள் என்று தெரிகிறது. கரையோரத்தில் விவசாயம் பெருகிய அதே காலம்.

அப்புறம் சாக்கடை. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவின் கழிவு நகிவுபோ கால்வாய் வழியாக முர்ச்சிசன் விரிகுடாவில் இறங்குகிறது. இடையில் ஒரு பாப்பிரஸ் கோரைச் சதுப்பு இருக்கிறது. ஆளுயரத்தைவிட உயர்ந்து வளரும் அந்தக் கோரை மிதக்கும் பாய் மாதிரி பின்னிக் கிடக்கும். சாக்கடை அதன் வேர்களுக்கிடையே ஊர்ந்து போகும்போது சேறு படியும், பாஸ்பரஸில் ஒரு பங்கை வேர் எடுத்துக்கொள்ளும். காசில்லாத சுத்திகரிப்பு நிலையம். அதைத் திருத்திச் சேம்பு பயிரிட்டார்கள், வீடு கட்டினார்கள், தொழிற்சாலை வைத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் கப்பா நிலையமும் அதே விரிகுடாவில், சாக்கடை இறங்கும் இடத்துக்குச் சில கிலோமீட்டரில்தான் இருக்கிறது. தண்ணீர் கெடக் கெடச் சுத்தம் செய்யும் செலவு ஏறிக்கொண்டே போக, கடைசியில் தொலைவில் கட்டோசி என்ற இடத்தில் புது நிலையம் கட்டி அங்கிருந்தும் எடுக்கிறார்கள்.

வயலும் சாக்கடையும் யாரும் ஊகிக்கக்கூடியவை. மூன்றாவது பலருக்குத் தெரியாது. ஏரிக்குள் வரும் பாஸ்பரஸில் பாதிக்கு மேல் வானத்திலிருந்து வருகிறது என்கின்றன மதிப்பீடுகள். அறுத்த வயலையும் புல்வெளியையும் கொளுத்துகிறார்கள்; லட்சக்கணக்கான அடுப்புகளில் விறகும் கரியும் எரிகின்றன; உழுத நிலத்திலிருந்து புழுதி கிளம்புகிறது. அந்தச் சாம்பலும் தூசியும் 68,800 சதுர கிலோமீட்டர் தண்ணீரின் மேல் மழையோடு சேர்ந்து இறங்குகின்றன. ஆற்றுவாயில் வடிகட்டி வைக்கலாம். வானத்துக்கு என்ன வைப்பது?

மீன்களின் கதை

வறண்ட ஏரி மறுபடி நிரம்பிய பிறகு அதில் நடந்தது உயிரியலாளர்கள் இன்றும் வாய்பிளக்கும் விஷயம். சிக்லிட் என்ற விரல்நீள மீன்கள் 500-க்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரிந்தன. பாசியைச் சுரண்டித் தின்ன ஒன்று, நத்தையை ஓடு உடைத்துத் தின்ன ஒன்று, பிற மீனின் செதிலைக் கடித்துத் தின்ன ஒன்று என்று ஆளுக்கொரு தொழில். பெண்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்து வளர்க்கும். எனவே ஒரு தடவைக்குச் சில பத்து குஞ்சுகள்தான். இனங்கள் பல பக்கத்துப் பக்கத்துப் பாறைகளில் வாழ்ந்தாலும் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கக் காரணம் நிறம். தான்சானியாவின் முவான்சா வளைகுடாவில் புண்டமிலியா என்ற வகையில் இரண்டு இனங்கள்: ஒன்றில் ஆண் சிவப்பு, மற்றதில் ஆண் நீலம். சிவப்பு இனத்துக்குத் தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரேயின் பெயர் வைத்திருக்கிறார்கள். தெளிந்த தண்ணீரில் பெண்மீன் தன் நிறத்தைத் தேடிப் போகும். கலங்கிய தண்ணீரில் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகத் தெரிய, இரண்டும் கலந்து கலப்பினமாகிவிடும். ஓலே ஸீஹவுசனும் உடன் ஆய்வாளர்களும் 1997-ல் இதைக் காட்டினார்கள். எந்த வேட்டைமீனும் வாய்வைக்காமலே, யாரும் வலை வீசாமலே, தண்ணீர் கலங்கியதாலேயே ஓர் இனம் இல்லாமல் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் உலகம் அறிந்த கதை நைல் பெர்ச்சுடையது. வங்கக்கடல் ஓரம் கிடைக்கும் கொடுவாவும் இதுவும் ஒரே பேரினம். 2 மீட்டர் வரை வளரும். 200 கிலோ தொட்டவையும் உண்டு. நைலில் இருந்தாலும் இடையிலிருந்த அருவிகளைத் தாண்டி விக்டோரியாவுக்குள் அது ஏற முடியவில்லை. 1950-களில் ஆள்வைத்து விட்டார்கள். முன்கதை என்னவென்றால், 1905-ல் செவுள்வலை வந்ததிலிருந்து கரையோர மக்கள் விரும்பி உண்ட நிகேகே என்ற உள்ளூர்த் திலாப்பியா அருகிக்கொண்டே வந்தது. மீதியிருந்த சிக்லிட்கள் முள்ளும் சிறுசுமாக, அதிகாரிகள் கண்ணுக்குக் குப்பைமீனாகத் தெரிந்தன. குப்பைமீனைத் தின்று பெரிய மீனாக மாற்றித் தரட்டும் என்பது கணக்கு. 1960-ல் ஜெஃப்ரி ஃப்ரையர் என்ற விலங்கியலாளர் வேண்டாம் என்று எழுத்தில் எச்சரித்தார். எழுதும்போதே மீன் ஏரிக்குள் இருந்தது.

ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. 1970-களின் இறுதியில் கென்யப் பக்கத்திலும், 1980-களில் உகாண்டாவிலும் பிறகு முவான்சாவிலும் பெர்ச் திடீரென்று பெருகியது. சிக்லிட்கள் வலையிலிருந்து காணாமல் போயின. அடித்தள மீன்களின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இருந்தவை ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கின. 200 இனங்கள் வரை அழிந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். சில பத்தாண்டுகளில் இவ்வளவு முதுகெலும்பிகள் ஓர் இடத்தில் போனதாக வேறு பதிவு அபூர்வம். தப்பியவை பல கோரைச் சதுப்பின் ஓரங்களில் தப்பின. அங்கே ஆக்சிஜன் குறைவு, சிறு மீன் தாங்கும், பெர்ச் தாங்காது. அந்தக் கோரையைத்தான் இப்போது வெட்டுகிறார்கள்.

பழியை முழுக்கப் பெர்ச் தலையில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காலக்கணக்கே இடிக்கிறது: பாசி 1930-களில் கூடத் தொடங்கியது, பெர்ச் பெருகியது 1980-களில். ஆழத்தில் மூச்சுமுட்டியும் கலங்கலில் நிறம் தெரியாமலும் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த மீன்கள் மேல் பெர்ச் வந்து விழுந்தது. எது எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் இன்னும் ஓயவில்லை.

அதோடு, பெர்ச்சால் பிழைத்தவர்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஏரியின் மொத்த மீன்பிடிப்பு பல மடங்கு கூடியது. கரையெங்கும் துண்டுபோட்டு உறையவைக்கும் ஆலைகள் வந்தன. சதை ஐரோப்பாவுக்குப் போயிற்று. 1990-களின் இறுதியில் சுகாதாரக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் சில முறை தடைபோட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். சதை வெளிநாட்டுக்குப் போக, ஆலை வாசலில் மிஞ்சுவது தலையும் முள்ளும் வாலும் ஒட்டிய கூடு. தான்சானியாவில் அதற்குப் பெயர் முகோங்கோ வாசி, திறந்த முதுகு. பெண்கள் அதைக் கூடைக்கணக்கில் வாங்கி, எண்ணெயில் பொரித்துச் சந்தையில் விற்கிறார்கள். தலைக்குப் பின்னால் கொஞ்சம் சதை ஒட்டியிருந்தால் விலை கூடும். இப்போதோ பெர்ச்சின் காற்றுப்பைக்கு, மீனவர்கள் நெட்டி என்பதற்கு, சீனச் சந்தையில் சதையைவிடப் பல மடங்கு விலை. இந்த மீன் கொழுப்பு மிகுந்தது, வெயிலில் காயாது. புகையில் வாட்ட விறகு வேண்டும். விறகுக்கு மரம் போயிற்று, மரம் போன சரிவிலிருந்து மண் ஏரிக்கு வந்தது. ஏரியின் துன்பங்கள் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பது இப்படித்தான்.

இன்று ஏரியில் பிடிபடும் மீன் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் இருக்கிறது. அதில் பெரும்பங்கு பெர்ச் இல்லை. தாகா என்ற வெள்ளிநிறப் பொடிமீன். கென்யாவில் ஒமேனா, உகாண்டாவில் முகேனே. நிலவில்லாத இரவில் விளக்கு மிதக்கவிட்டு ஈர்த்துப் பிடித்து, விடிந்ததும் கரை மணலில் பரப்பிக் காயவைப்பார்கள். ஏழை வீட்டுக் குழம்புக்கும் அதுதான், கோழித்தீவனத்துக்கும் அதுதான்.

ஆகாயத்தாமரையும் கூன்வண்டும்

தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை ககேரா ஆற்றில் மிதந்து 1980-களின் இறுதியில் ஏரிக்குள் வந்தது. ஊட்டம் மிகுந்த தண்ணீரில் இரண்டு வாரத்தில் இரட்டிக்கும். 1998 வாக்கில் கென்யாவின் வினாம் வளைகுடாவில் மட்டும் 17,000 ஹெக்டேருக்கு மூடிக் கிடந்தது. கிசுமு துறைமுகத்துக்குள் கப்பல் வர முடியவில்லை, படகு இறங்க முடியவில்லை, ஜிஞ்சாவில் மின்நிலையத்தின் வாயில் அடைத்தது.

அதை அடக்கியதில் பெரும்பங்கு அரை சென்டிமீட்டர்கூட இல்லாத கூன்வண்டுக்கு. செடியின் சொந்த ஊரான தென் அமெரிக்காவிலிருந்து இரண்டு இனங்களைக் கொண்டுவந்து வளர்த்து, 1990-களின் நடுவிலிருந்து ஏரியில் விட்டார்கள். வளர்ந்த வண்டு இலையின் மேல்தோலைச் சிறு சதுரங்களாகச் சுரண்டித் தின்னும். புழு இலைக்காம்புக்குள் சுரங்கம் தோண்டும். காற்றடைத்த காம்பில் தண்ணீர் புகுந்து செடி மிதப்பை இழந்து அமிழும். 1997-98 எல்நினோ மழையும் அலையும் துணைக்கு வந்தன. இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரும்பகுதி ஒழிந்தது. ஆனால் செடியின் விதை சேற்றில் பல ஆண்டுகள் உறங்கும். பெருமழை பெய்து ஆறு புதுச் சேறு கொண்டுவரும் போதெல்லாம் செடி திரும்ப வருகிறது. செடியை அகற்றினாலும் அதை வளர்க்கும் பாஸ்பரஸ் தண்ணீரிலேயே இருக்கிறது அல்லவா.

இப்போது என்ன செய்கிறார்கள்?

மூன்று நாடுகளும் 1994-ல் ஒப்பந்தம் போட்டு விக்டோரியா ஏரி மீன்வள அமைப்பை ஜிஞ்சாவில் நிறுவின. ஐந்து நாடுகளுக்கும் பொதுவான வடிநில ஆணையம் கிசுமுவில் இருக்கிறது. 50 சென்டிமீட்டருக்குக் குறைந்த பெர்ச்சைப் பிடிக்கக் கூடாது என்று விதி. 2017 முதல் உகாண்டா அதை அமலாக்க ராணுவத்தையே இறக்கியது. பெர்ச் கூட்டம் மெலிந்த இடங்களில் சில சிக்லிட் இனங்கள் 1990-களிலிருந்து திரும்பி வந்திருக்கின்றன, பழைய வகைவகை இல்லாமல், சில கலப்பினமாக.

மீன்விதிகள் மீனுக்கு உதவும். பாஸ்பரஸுக்கு அவை ஒன்றும் செய்யாது. அதற்கு மலைச்சரிவில் வரப்பு கட்ட வேண்டும், நகரச் சாக்கடையைச் சுத்திகரிக்க வேண்டும், கோரைச் சதுப்பை விட்டுவைக்க வேண்டும், வயல் கொளுத்துவது குறைய வேண்டும். எல்லாம் இன்றே நடந்தாலும் சேற்றில் சேர்ந்தது கரைந்துகொண்டுதான் இருக்கும்; வாசல் ஒன்றுதான் என்பதை மறக்கக் கூடாது.

இதற்கிடையில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. காட்டுமீன் போதவில்லை என்று கடந்த 15 ஆண்டுகளில் ஏரிக்குள்ளேயே கூண்டு போட்டுத் திலாப்பியா வளர்க்கிறார்கள்; கென்யப் பக்கத்தில் கூண்டுகள் ஆயிரக்கணக்கில். தீனியில் மீன் தின்றது போக மீதியும் மீனின் கழிவும் நேராகத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. கரையோரம் ஆழமில்லாத, காற்றுப்படாத இடத்தில் கூண்டு வைத்தால் காவலுக்கு வசதி, டீசல் செலவும் குறைவு. ஆக்சிஜன் முதலில் தீர்வதும் அங்கேதான். 2022-ல் கிசுமுவை ஒட்டிய கூண்டுகளில் மீன் மொத்தமாகச் செத்து, வளர்த்தவர்கள் போட்ட பணத்தை இழந்தார்கள். கூண்டை ஆழமான, நீரோட்டமுள்ள இடத்துக்குத் தள்ளு என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கே அலை பெரிது, இரவு இடிமழை இருக்கிறது, வலுவான கூண்டுக்கும் பெரிய படகுக்கும் பணம் வேண்டும். சிறு வளர்ப்பாளர்களிடம் அது இல்லை. எந்த விரிகுடாவில் எத்தனை கூண்டு தாங்கும் என்ற கணக்கைக் கென்யாவின் மீன்வள ஆய்வு நிலையத்தார் போட்டுக்கொண்டிருக்க, கூண்டுகள் அதற்குக் காத்திராமல் இறங்கிக்கொண்டிருக்கின்றன.